பெருந்தொற்றும் நம் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 கிருமித்தொற்று 2020 ஜனவரி 23ஆம் தேதி உறுதி செய்யப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளின் நலத்தையும் குடும்பத்தின் நலத்தையும் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, அந்தக் காலம் வீட்டுக்குள் விட்டுச்சென்ற மிச்சத்தைப் பற்றியவை. மீதி, இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்வது என்ற கவலையில் எழுதப்பட்டவை. எல்லாவற்றையும் படித்தபோது ஒன்று என் கண்ணில் பட்டது. பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் பெற்றோர் தம்மைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் அந்த ஒரு வரியையும் எழுதுவதில்லை. என் பதில்களில் அந்த வரியைத்தான் நான் அதிகம் தேடியிருக்கிறேன். பிள்ளையைத் தாங்கும் பெரியவர் தளர்ந்து கிடக்கையில் பிள்ளைக்கு மட்டும் தனியாக நலம் வந்துவிடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. தொற்று எண்ணிக்கை கூடுவதாகச் செய்தியில் கேட்ட நாள் முதல், தோல் வெடிக்கும் அளவுக்குக் கை கழுவுகிறாள். எங்களோடு இருக்கும் என் மாமியாரைப் பற்றி, "பாட்டிக்கு ஒன்றும் ஆகாதே?" என்று நாள் முழுவதும் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் "ஆகாது" என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். — ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: 2020இல் உங்கள் மகளுக்கு நான்கு வயது இருந்திருக்கும். அந்த வயதுக் குழந்தைக்குக் கிருமி என்றால் என்னவென்று விளங்காது. ஆனால் பெரியவர்களின் முகத்தை அது நன்றாகப் படிக்கும். கடைச் சாமான்களைத் துடைத்துத் துடைத்து உள்ளே வைத்த கைகளையும், தாத்தா பாட்டியைத் தொடாதே என்று அதட்டிய குரலையும், விளையாட்டிடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவையும் அவள் பார்த்தாள். அவற்றுக்கு யாரும் அவளுக்கு விளக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு எதற்கு விளக்கம் என்றுதான் நாம் எல்லாருமே எண்ணினோம். இப்போது செய்தியில் அதே சொற்கள் வரும்போது, அவளுக்குள் இருந்த அந்தப் பழைய அச்சம் பத்து வயதுப் பெண்ணின் கற்பனை வலிமையோடு எழுந்து நிற்கிறது.

ஆகவே முதலில் அவளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். "கொவிட் என்றால் உனக்கு என்ன நினைவு வருகிறது?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். பிறகு அவள் வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். கிருமி இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவ்வப்போது எண்ணிக்கை கூடும், பிறகு குறையும். 2020இல் நம்மிடம் தடுப்பூசி இல்லை, இப்போது இருக்கிறது. 2021 டிசம்பர் 27 முதல் 5 வயதிலிருந்து 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் அது போடப்பட்டது. பாட்டி தடுப்பூசி போட்டிருந்தால் அதை அவரே பேத்தியிடம் சொல்லட்டும். ஒரு பாட்டி தன் வாயால் சொல்வதற்கு இருக்கும் எடை நம் சமாதானங்களுக்கு இல்லை.

"ஒன்றும் ஆகாது" என்ற வாக்குறுதியை இனி விட்டுவிடுங்கள். யாராலும் காப்பாற்ற முடியாத வாக்குறுதி அது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்துவிடுகிறது. மேலும், ஒரே கேள்விக்கு நாள் முழுவதும் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தால் அச்சம் குறைவதற்குப் பதிலாக இன்னொரு சமாதானத்தைக் கேட்கும். "இதற்கு நான் காலையில் பதில் சொன்னேன். இப்போது உனக்குப் பயமாக இருக்கிறது, இல்லையா? வா, என் பக்கத்தில் உட்கார்" என்று சொல்லிப் பாருங்கள். கேள்விக்கு விடை தருவதை விட்டு, பயப்படுகிற பிள்ளைக்குத் துணையாக இருப்பது இதன் நோக்கம். சாப்பிடும் முன்பும், கழிவறை சென்று வந்த பின்பும், வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் 20 விநாடி கை கழுவினால் போதும் என்று அளவு வகுத்துக் கொடுங்கள். பாட்டிக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தரும் பொறுப்பை, உங்கள் மேற்பார்வையில், அவளிடம் கொடுக்கலாம். அஞ்சுகிற பிள்ளைக்குச் செய்வதற்கு ஏதேனும் ஒரு வேலை இருப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் சில வாரங்களில் கை கழுவுவது குறையாவிட்டாலோ, அதனால் உறக்கமோ பள்ளி நேரமோ பறிபோனாலோ, காத்திருக்க வேண்டாம். பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள்; பலதுறை மருந்தக மருத்துவரிடமும் சொல்லலாம். இது பயிற்சி பெற்றவர்களால் நன்றாகக் குணப்படுத்தக்கூடிய சிக்கல். உங்கள் கடிதத்தின் கடைசிச் சொல் "ஓய்ந்துவிட்டேன்" என்பது. 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. அது உங்களுக்கும் உரியது.

கேள்வி: மூவறை வீடு, மூன்று பிள்ளைகள், ஒரே கணினி. 2020இல் பள்ளிகள் வீட்டிலிருந்து நடந்த நாள்களிலும் கணவர் பேருந்து ஓட்டுநர் என்பதால் வேலைக்குச் சென்றார். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். தொடக்கநிலை ஐந்தில் ஒருவன், இரண்டில் ஒருத்தி, மூன்று வயதில் இன்னொருத்தி. அப்போது நான் கத்திய கத்தல்கள் இன்றும் என் காதில் கேட்கின்றன. பெரியவனின் படிப்பு சரிந்ததற்கு நான்தான் காரணமோ? மீண்டும் அப்படி ஒரு நிலை வந்தால் எப்படிச் சமாளிப்பது? — வாசகி, செங்காங்

பதில்: நீங்கள் காரணமில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடந்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். சர்க்கிட் பிரேக்கர் என்று நாம் எல்லாரும் சொல்லிப் பழகிவிட்ட, எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன நோய்ப் பரவல் முறியடிப்புத் திட்டம் 2020 ஏப்ரல் 3ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. 7ஆம் தேதி தொடங்கியது. மறுநாளே பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. வேலையிடம், வகுப்பறை, பாலர் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரு மூவறை வீட்டுக்குள் கொண்டுவர உங்களுக்குக் கிடைத்தது ஒரு வார இறுதி. ஆசிரியர்களே திணறிய நேரம் அது. கல்வி அமைச்சு அந்த ஆண்டின் அரையாண்டுத் தேர்வுகளை ரத்து செய்தது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்விலிருந்து சில பாடப்பகுதிகளை நீக்கியது. வழக்கமான அளவுகோலால் அந்த ஆண்டை அளக்க முடியாது என்பதை நாடே ஏற்றுக்கொண்டபோது, நீங்கள் மட்டும் ஏன் உங்களை அந்த அளவுகோலால் இன்றும் அளந்துகொண்டிருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது வேறொன்று. அந்த நாள்களில் பள்ளிகள் ஏறக்குறைய 20,000 கணினிகளையும் கைக்கணினிகளையும் மாணவர்களுக்கு இரவல் கொடுத்தன. பாலர் பள்ளிகள் பொதுவாக மூடியிருந்தாலும், இன்றியமையாச் சேவைகளில் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு வழியில்லாத பெற்றோருக்காக ஓரளவு இயங்கின. உங்கள் கணவர் பேருந்து ஓட்டினார். இவற்றுள் எதையாவது கேட்டுப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நம் குடும்பங்களில் உதவி கேட்பதை ஒரு குறையாகக் கருதும் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "நம்மைவிடக் கஷ்டமான குடும்பங்கள் இருக்கும், நாம் சமாளித்துக்கொள்வோம்" என்று விட்டுக்கொடுக்கும் மனம் நல்ல மனம்தான். ஆனால் அதற்கான விலையை உங்கள் தொண்டையும் உங்கள் பிள்ளைகளின் காதுகளும் கொடுத்தன. மீண்டும் அப்படி ஒரு காலம் வந்தால் முதல் வாரத்திலேயே மூன்று பள்ளிகளையும் அழையுங்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை கணினி, யார் யார் எந்நேரம் வேலைக்குச் செல்கிறார்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வருமானம் குறைந்தால் 1800-222-0000 என்ற காம்கேர் நிதியுதவித் திட்ட எண்ணையும், பேட்டி சாலையில் இருக்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையும், உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தையும் நாடுங்கள். உங்கள் மேலதிகாரியிடமும், எந்த இரண்டு மணி நேரத்தில் உங்களால் அழைப்புகளை எடுக்க முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் பள்ளியின் கால அட்டவணையை அப்படியே நகலெடுக்க முயல வேண்டாம். எழும் நேரம், எல்லாரும் சேர்ந்து உண்ணும் ஒரு வேளை, உறங்கும் நேரம் ஆகிய மூன்றும் நிலையாக இருந்தால் இடையில் உள்ளவை சற்றுக் குலைந்தாலும் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். தொடக்கப்பள்ளி வயதினருக்கு இரவில் 9 முதல் 11 மணி நேர உறக்கம் வேண்டும். பாடம் ஒன்று குறைந்தாலும் இதைக் குறைக்காதீர்கள். உடற்பயிற்சிக்காகத் தனியாகவோ ஒரே வீட்டாருடனோ வெளியே சென்றுவர அந்த நாள்களிலும் அனுமதி இருந்தது. புளோக்கைச் சுற்றி நாலு நடை நடந்து வந்தாலும் அது பிள்ளைக்கும் உங்களுக்கும் மூச்சுவிட இடம் கொடுக்கும். கணவர் வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அதை அவரிடம் இப்போதே, பெருந்தொற்று இல்லாத இந்த நாளிலேயே, பேசி முடிவு செய்துவிடுங்கள்.

கத்தியதைப் பற்றி: பெரியவன் இப்போது வளர்ந்த பிள்ளை. "அந்த நாள்களில் நான் உன்னிடம் கத்தினேன். எனக்கு மிகவும் சோர்வாக இருந்தது, உன்மேல் கோபமில்லை" என்று ஒரு நாள் சொல்லுங்கள். அதை அவன் எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்று பாருங்கள்.

கேள்வி: சர்க்கிட் பிரேக்கரின்போது பக்கத்து வீட்டில் ஒரு சிறுவன் அலறும் சத்தம் அடிக்கடி கேட்கும். அடுத்தவர் குடும்பத்தில் தலையிடக்கூடாது என்று என் மனைவி தடுத்துவிட்டார். இன்று அப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்? — வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தொலைபேசியை எடுக்க வேண்டும். வீடு பூட்டிக் கிடக்கும் காலத்தில் ஆசிரியரின் கண்ணில் அந்தச் சிறுவன் படமாட்டான், பாட்டனார் வீட்டுக்கும் போக முடியாது. சுவருக்கு அப்பால் இருக்கும் உங்கள் காது மட்டும்தான் அவனுக்கு இருந்தது. 1800-777-0000 என்ற வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999. அடிதடிதான் நடக்கிறது என்று நீங்கள் உறுதிப்படுத்த வேண்டியதில்லை. அதைக் கண்டறிவது அவர்கள் வேலை. அந்த வீட்டுப் பெரியவர்களும் வேலையிழப்பிலோ கடனிலோ நொறுங்கிப்போயிருக்கக்கூடும், அவர்களுக்கும் உதவி தேவைப்படலாம். அந்த உதவி போய்ச் சேருவதற்கும் யாராவது ஒருவர் அழைத்தாக வேண்டும்.

கேள்வி: என் தந்தை 2021 மே மாதம் கும்பகோணத்தில் கொவிட்டால் காலமானார். என்னால் போக முடியவில்லை. தகனத்தை வாட்ஸ்அப் காணொளியில் பார்த்தேன். அப்போது ஆறு வயதாக இருந்த என் மகன் என் மடியில் இருந்தான். இன்றுவரை அவன் ஊரில் உள்ள பாட்டியிடம் காணொளி அழைப்பில் பேச மறுக்கிறான். பிடிவாதம் என்று கண்டித்தும் பார்த்தாயிற்று. — ஒரு தந்தை, பொங்கோல்

பதில்: உங்கள் தந்தைக்கு என் அஞ்சலி. அந்த மாதங்களில் இந்தியாவின் இரண்டாம் அலை நம் சமூகத்தின் எத்தனையோ வீடுகளைத் தொட்டது. இந்தியா தன் வழக்கமான வெளிநாட்டு விமானச் சேவைகளை 2020 மார்ச் 23ஆம் தேதி நிறுத்தி, 2022 மார்ச் 27ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது. இடையில் சிறப்பு விமானங்கள் பறந்தன என்றாலும், 2021 ஏப்ரல் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வரும் நீண்டகால அனுமதி அட்டைதாரர்களைச் சிங்கப்பூர் தற்காலிகமாக உள்ளே விடாததால், சென்றவர்களுக்குத் திரும்பும் வழி தெரியாத நிலை இருந்தது. தகப்பனுக்குக் கொள்ளிவைக்கச் செல்வதா, மனைவி மக்களோடு இருப்பதா என்று ஒரு மகனைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காலம் அது. நீங்கள் வேறு எந்த முடிவை எடுத்திருந்தாலும் இன்று அதைப் பற்றியும் இதே வேதனையோடுதான் எழுதியிருப்பீர்கள்.

உங்கள் மகன் பிடிவாதம் பிடிக்கவில்லை. தாத்தா எப்போதும் அந்தத் திரையில்தான் வருவார்; ஒரு நாள் அதே திரையில் நெருப்பைப் பார்த்தான்; அதன் பிறகு தாத்தா வரவில்லை. பாட்டியும் அதே திரையில் வரும்போது அவன் மனம் எதை எதிர்பார்த்து நடுங்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு வயதுக் குழந்தையால் அதைச் சொல்லாக்க முடியாது. பதினொரு வயதில் முடியும், யாராவது கேட்டால். "அன்று தாத்தாவைத் தொலைபேசியில் பார்த்தோமே, அது உனக்கு நினைவிருக்கிறதா?" என்று நீங்களே தொடங்குங்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து விளையாடப் போகலாம். பிள்ளைகள் துக்கத்தைச் சிறிது சிறிதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மூன்று நாள் கழித்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில், மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் கேட்பான். அப்போது "பிறகு பேசலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். "தாத்தா சாமியிடம் தூங்குகிறார்" என்பது போன்ற மழுப்பல்களும் வேண்டாம். இறந்துவிட்டார், அவர் உடல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, நாம் அவர் பக்கத்தில் இருக்க விரும்பினோம், இருக்க முடியவில்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

பாட்டியோடு முதலில் குரல் அழைப்பில் மட்டும் பேசவையுங்கள். அவர் ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. அடுத்த விடுமுறையில் கும்பகோணத்துக்கு அழைத்துச் சென்று தாத்தா உட்கார்ந்த திண்ணையையும் அவர் குளித்த ஆற்றையும் காட்டுங்கள். ஆண்டுதோறும் வரும் திதியில் அவனைத் தள்ளி உட்காரவைக்காமல், எள்ளும் நீரும் எடுத்துத் தருவது, தாத்தாவுக்குப் பிடித்த பலகாரத்தைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு பங்கு கொடுங்கள். இவை எல்லாம் இறந்தவருக்காக மட்டும் ஏற்பட்ட சடங்குகள் என்று நான் எண்ணவில்லை. இருப்பவர்கள் கூடி அழுவதற்கு ஓர் இடத்தை நம் முன்னோர் ஏற்படுத்தி வைத்தார்கள். பெருந்தொற்று நம்மிடமிருந்து பறித்துக்கொண்டவற்றுள் மிகக் கொடியது அந்த இடம். நீங்கள் இன்னும் அழவில்லை என்று உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது. மகனுக்கு முன்னால் அழ நேர்ந்தால் அதைத் தடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவும் தாத்தாவை நினைத்து அழுவார் என்று அவன் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வி: 2020 ஜூனில் பிறந்த என் பேரன் 2027இல் தொடக்கநிலை ஒன்றுக்குச் செல்ல வேண்டும். இன்னும் இரண்டு மூன்று சொற்களில்தான் பேசுகிறான். இரண்டு மொழி பேசுவதால்தான் குழப்பம் என்று மருமகள் என்னைத் தமிழில் பேச வேண்டாம் என்கிறாள். — ஒரு பாட்டி, தெம்பனிஸ்

பதில்: அம்மா, இந்த வயதில் முழு வாக்கியங்கள் வரவில்லை என்றால் அடுத்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். முகக்கவசம் அணிந்த முகங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, தானாகச் சரியாகிவிடும் என்று இனியும் காத்திருப்பது சரியில்லை. காது கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. நீங்கள் தமிழை நிறுத்தினால் அந்தப் பிள்ளை தன்னோடு நாள் முழுவதும் பேசக்கூடிய ஒருவரை இழப்பான். அந்த இடத்தை ஒரு கைக்கணினிதான் நிரப்பும். 18 மாதத்திலிருந்து 6 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் திரை நேரம் பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் பரிந்துரை. நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே அவனிடம் பேசுங்கள், அவன் சொல்லும் இரண்டு சொல்லை நான்காக நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள்.

மருமகள்மேல் வருத்தம் வேண்டாம். நாடு இறுகிக் கிடந்த நாள்களில், ஊரிலிருந்து தாய் வந்து பார்க்கக்கூட வழியில்லாமல் பிள்ளை பெற்றவர் அவர். இந்தப் பிள்ளையைப் பற்றிய ஒவ்வொரு குறையும் தன்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டாக அவருக்குக் கேட்கக்கூடும். மருத்துவரிடம் போகும்போது அவரோடு நீங்களும் செல்லுங்கள்.

கேள்வி: நான் உயர்நிலை மூன்று மாணவன். 2020இல் அப்பாவுக்கு வேலை போனது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்னால்தான் செலவு அதிகம் என்று நினைத்து, பல நாள்கள் பசிக்கவில்லை என்று பொய் சொன்னேன். அடுத்த முறை எங்களிடம் சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? — மாணவர், ஈசூன்

பதில்: தம்பி, இம்மாதம் வந்த கடிதங்களில் நான் பெரிதும் மதிக்கும் கடிதம் இதுதான். ஒன்பது வயதில் நீங்கள் அவ்வளவு பெரிய சுமையைத் தனியாகத் தூக்கினீர்கள். வேலை போனதற்கும் நீங்கள் சாப்பிட்டதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்களுக்கு அது இப்போது தெரிந்திருக்கும். ஆனாலும் ஒரு பெரியவர் சொல்லக் கேட்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பெற்றோர் மறைத்தது உங்களைக் காக்க என்று எண்ணித்தான். மறைக்கும் வீட்டில் பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்று பாதியைக் கேட்டு, மீதியைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அப்பாவோடு தனியாக இருக்கும் ஒரு நேரத்தில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது கடினமாக இருந்தால் பக்கத்தில் நடந்துகொண்டே, இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். குறைசொல்லாகத் தொடங்காமல் "அப்போது எனக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, சொல்லட்டுமா?" என்று கேட்டுத் தொடங்கலாம். அவர் உடனே பதில் சொல்லாமல் போனால் மனம் தளர வேண்டாம். அவரும் அந்த ஆண்டைப் பற்றி யாரிடமும் பேசியிருக்க மாட்டார். அதன் பிறகும் நெஞ்சில் பாரம் இருந்தால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள், அல்லது 1771ஐ அழையுங்கள். தொடக்கப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், சிங்கப்பூர் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட் சேவையின் எண்ணை, 1800-2744-788, அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே நடத்தப்படும் சேவை அது.